சிப்பாய்க்கு ஒன்றுதான் இறங்கியிருந்தது

மேஜைமேல் ஏற்றிய நாயை அசையவிடாமல் பிடித்துக்கொள்வதுதான் அவள் வேலை. இடது கையைக் கழுத்துக்கு அடியில் விட்டு நாயின் தலையைத் தன் தோளோடு சேர்த்துக்கொள்வாள். வலது கை வயிற்றுக்கு அடியில் போய் அந்தப் பக்கத்துத் தொடையைப் பற்றும். கால்நடை மருத்துவமனையின் வருகைப் பதிவேட்டில் அவளுக்கு வேறு பெயர் இருந்தது. ஆனால் டாக்டரம்மா நாளொன்றுக்கு நாற்பது தடவை, "பிடிங்கம்மா, நல்லாப் பிடிங்கம்மா" என்று சொல்லிச் சொல்லி, பதினொரு வருடத்தில் அவள் எல்லோருக்கும் பிடியம்மா ஆகிவிட்டாள். நாய் கொண்டுவருபவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கடைசியில் வீட்டுக்காரரே ஒருநாள் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அவள் அங்கே முதலில் சேர்ந்தது தரை துடைக்க. அதற்கு முன்னால் பிஸ்கட் கம்பெனியில் பொட்டலம் ஒட்டிக்கொண்டிருந்தாள். ஒருநாள் கன்றுக்குட்டி உயரத்தில் ஒரு நாய் மேஜைமேல் நின்று உறும, அதைப் பிடிக்க வேண்டிய ஆள் கதவுக்கு வெளியே போய் நின்றுகொண்டு, "தண்ணி குடிச்சிட்டு வரேன்" என்றான். இவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய் அந்த நாயைக் கட்டிப்பிடித்தாள். தண்ணீர் குடிக்கப் போனவன் அதற்கப்புறம் அந்த வேலைக்குத் திரும்பவில்லை.

அந்தப் பிடியில் நிற்கும்போது நாயின் அடிவயிறு அவள் கண்ணுக்கு நேராக இருக்கும். மற்றவர்கள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சிக்கொண்டிருக்கும்போதே அவள் அந்தப் பக்கத்தைப் பார்த்து முடித்திருப்பாள். ஆண் நாய் என்றால் பார்க்க இன்னும் அதிகம் உண்டு. தோலுறையின் நுனியில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு சொட்டு நிற்கிறதா, அது மூக்கில் சளி வருவதுபோலத்தான், ஒன்றும் இல்லை. அந்தச் சொட்டே நாறினாலோ, நாள் முழுக்க வடிந்தாலோ, சிவப்பாக இருந்தாலோ சும்மா விடக்கூடாது. குஷியில் குறி கொஞ்சம் வெளியே வந்துவிட்டு நாலைந்து நிமிடத்தில் உள்ளே போய்விட்டால் அதைப்பற்றிப் பேச்சே வேண்டாம். அரைமணி ஆகியும் வெளியிலேயே இருந்து, காய்ந்து, கருநீலமாகிவிட்டால் ஓடவேண்டும். இதெல்லாம் அவள் படித்துத் தெரிந்துகொண்டதல்ல. ஆயிரக்கணக்கான நாய்களின் அடியில் குனிந்து நின்று தெரிந்துகொண்டது.

அவளுக்கு எரிச்சல் நாய்கள்மேல் இல்லை, கூட வருபவர்கள்மேல்தான்.

ஒரு காண்ட்ராக்டர் வந்தார். தோளில் துண்டு மாதிரி ஒரு குட்டையான முடிநாய். "என்ன பண்ணுது?" என்று டாக்டரம்மா கேட்டார். "இருமல்ங்க" என்றார் அவர். நாய் இருமவே இல்லை. பிடியம்மா கையை அடியில் விட்டதும் அது வீல் என்று கத்தியது. குனிந்து பார்த்தால், குறி வெளியே வந்து, அதன் அடியில் முடி மோதிரம்போலச் சுற்றி இறுகி, நுனி கறுத்துக் கிடந்தது.

"எவ்வளவு நேரமா இப்படி வெளியவே இருக்கு?" என்று கேட்டாள் பிடியம்மா.

"எது?"

"குறிதான்."

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "ஆம்பள டாக்டர் யாரும் இல்லைங்களா?"

"ஆம்பள டாக்டர் வர்றதுக்குள்ள அது அழுகிடும், பரவாயில்லையா?"

காலையிலிருந்து என்று அப்புறம்தான் வாயைத் திறந்தார். அப்போது மணி நாலு. டாக்டரம்மா குளிர்ந்த சர்க்கரைத் தண்ணீரில் பஞ்சை நனைத்து வைத்து வீக்கத்தை இறக்கி, முடியை வெட்டி, எண்ணெய் தடவி, அரைமணி போராடி உள்ளே தள்ளினார். காண்ட்ராக்டர் அவ்வளவு நேரமும் சுவரைப் பார்த்தே நின்றிருந்தார். அடுத்த நாய்க்குச் சொந்தக்கார அம்மா ஒரே அழுகை. என்னவென்றால், நுனியில் ஒரு மஞ்சள் சொட்டாம்.

"பயப்பட வேண்டாததுக்கு அழுதுட்டு ஓடி வராங்க. ஓடி வர வேண்டியதை இருமல்னு ஒளிச்சு வைக்கிறாங்க" என்று அன்று வீட்டில் சொன்னாள். அவள் வீட்டுக்காரர் தையல்காரர், பரம சாது. "சாப்பிடும்போது வேணாமே" என்றார்.

வெளியாட்களைச் சொல்வானேன்? சொந்த அண்ணனே அப்படித்தான் இருந்தார்.

அண்ணன் பஸ் டெப்போவில் டைம்கீப்பர். எல்லா வண்டியும் அவர் சொன்ன நிமிடத்தில் கிளம்பவேண்டும். வீட்டிலும் அதே கணக்கு. ஓய்வு நெருங்கும் சமயத்தில் ஒரு குட்டியை வாங்கி அதற்குச் சிப்பாய் என்று பெயர் வைத்தார். காலை ஐந்து நாற்பதுக்கு இருவரும் தெருவில் இறங்குவார்கள். பழுப்பு நிறம், விறைத்த காது, நேரான நடை. நாய் அண்ணனைப்போல இருக்கிறதா, அண்ணன் நாயைப்போல இருக்கிறாரா என்று தெருவில் கேலி உண்டு.

சிப்பாய்க்கு ஒரு வயதானபோது அண்ணன் அதை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். நடக்க வைக்கவில்லை, தூக்கிக்கொண்டு வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. வெளியே பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கதவும் சாத்தியிருக்கவில்லை.

"ரெண்டு கட்டி. அடியில. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. எலுமிச்சம்பழம் சைஸ்ல. காலைல பந்து விளையாடிட்டு என் காலைக் கட்டிக்கிட்டான், அப்பப் பார்த்தேன். புத்துநோயா இருக்குமோ?"

பிடியம்மா நாயைப் பிடித்துப் பார்த்தாள். ஒரு கட்டியும் இல்லை. அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. நாய் கிளர்ச்சி அடையும்போது குறியின் அடிப்பக்கம் இரண்டு உருண்டையாகப் புடைக்கும். எல்லா ஆண் நாய்க்கும் அப்படித்தான். கொஞ்ச நேரத்தில் வடிந்துவிடும். டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் பிடியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கியிருக்கலாம், அடக்கவில்லை.

"அண்ணா, அது கட்டியில்ல. உங்க பையன் பெரிய மனுஷன் ஆயிட்டான்."

வெளியே ஒருத்தர் சிரித்தார். பிறகு பதினைந்து பேரும் சிரித்தார்கள். மருந்துச் சீட்டு எழுதுகிற பெண் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். அண்ணன் காதுமடல் சிவந்தது. முப்பது வருடம் டிரைவர்களையும் கண்டக்டர்களையும் விரலசைவில் நிறுத்திவைத்த மனிதர்.

டாக்டரம்மா மட்டும் சிரிக்கவில்லை. தடவிப் பார்த்துக்கொண்டே, "இது ஒண்ணுமில்லைங்க, இயல்புதான். ஆனா வேற ஒரு விஷயம். இவனுக்கு விதை ஒண்ணுதான் கீழ இறங்கியிருக்கு. இன்னொண்ணு வயித்துக்குள்ளயே நின்னுடுச்சு. ஆறேழு மாசத்துலயே இறங்கியிருக்கணும். இனிமே இறங்காது. உள்ள சூட்டுல இருந்தா பின்னால கட்டியா மாறலாம். ரெண்டையும் எடுத்துடறது நல்லது" என்றார்.

அண்ணன் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தார். "ஒண்ணு இருக்குல்ல, போதும்" என்றார். அதற்கும் வெளியே ஒருத்தர் சிரித்தார். அண்ணன் நாயை இழுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் போய்விட்டார்.

அந்தச் சிரிப்பை முதலில் சிரித்தது தான்தான் என்பதைப் பிடியம்மா மறக்கவில்லை. கேட்க வேண்டிய ஒரே ஒரு வார்த்தையைக் கேட்கவிடாமல் அது அண்ணன் காதை அடைத்துவிட்டது. இரண்டு நாள் கழித்து அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணா, அன்னிக்குச் சிரிச்சது தப்புதான். ஆனா டாக்டரம்மா சொன்னது நிஜம். ஒரு நாள் வேலை. நானே பிடிச்சுக்கறேன்."

"காயடிக்கச் சொல்றியா? சிப்பாயையா?"

"உள்ள இருக்கிறது இருந்தா ஆபத்து."

"உள்ள இருக்கிறது உனக்குத் தெரியுதா? இல்லாத கட்டியைப் பார்த்து நான் பயந்தேன்னு சிரிச்சே. இப்ப கண்ணுக்கே தெரியாததைப் பார்த்து நீ பயப்படறே. யார் புத்திசாலி?"

அவளிடம் பதில் இருந்தது, ஆனால் கேட்கிற காது இல்லை. அண்ணி சமையலறை வாசலில் நின்று கண்ணைக் காட்டினாள், விட்டுவிடு என்று.

விட்டுவிடவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆரம்பிப்பாள். அண்ணன் பேச்சை பஸ் பக்கம் திருப்பிவிடுவார். செவிடன் காதில் சங்கு ஊதலாம், அவன் பாவம், செவிடன். நன்றாகக் காது கேட்கிறவன் காதில் ஊதுகிறவளுக்குத்தான் வாய் வலிக்கும்.

நடுவில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. ஆட்களுக்கு வாயால் சொல்ல வெட்கம், காதால் கேட்க வெட்கம். எழுதி ஒட்டிவிட்டால்? வீட்டுக்காரர் துணி வெட்டுவதற்கு வைத்திருந்த பழுப்புக் காகிதத்தில் பெரிய தாளாக ஒன்று கிழித்து, ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினாள். 'உங்கள் ஆண் நாயை வாரம் ஒருமுறை மல்லாத்திப் பாருங்கள்' என்று தலைப்பு. பயப்பட வேண்டாதது பச்சையில், உடனே வர வேண்டியது சிவப்பில். விதை இரண்டும் ஒரே அளவா என்று பார்க்கச் சொல்லியிருந்தாள். மூத்திரம் போக முக்கினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள் என்று எழுதி அதற்கு மட்டும் இரண்டு கோடு போட்டிருந்தாள். டாக்டரம்மா படித்துவிட்டு, "என்னைவிட நல்லா எழுதியிருக்கீங்க" என்றார். காத்திருக்கும் அறையில் ஒட்டினார்கள்.

ஒன்பது நாள் இருந்தது. பத்தாம் நாள் ஒருவர் தன் மகளோடு வந்தார். இரண்டாம் வகுப்பு படிக்கிற பெண், புதிதாகப் படிக்கத் தெரிந்த உற்சாகத்தில் எழுத்துக்கூட்டி உரக்கப் படிக்க ஆரம்பித்தது. "வி... தை... இ... ரண்... டும்..." அவர் டாக்டரம்மாவிடம் போய், குடும்பத்தோடு வருகிற இடத்தில் இது என்ன அசிங்கம் என்று குதித்தார். மேலிடத்துக்கு எழுதுவேன் என்றார். டாக்டரம்மா என்ன செய்வார்? சாயங்காலம் காகிதத்தைக் கழற்றிச் சுருட்டி, "உள் ரூம்ல ஒட்டிக்கலாம்மா" என்றார்.

உள் அறையில் இருப்பது அவர்கள் இரண்டு பேர். அவர்களுக்குத்தான் அதெல்லாம் தெரியுமே. பிடியம்மா அந்தச் சுருளை அலமாரிக்குப் பின்னால் சொருகிவிட்டு வீட்டுக்குப் போனாள். அன்று சாப்பிடும்போது எதுவும் பேசவில்லை. வீட்டுக்காரர்தான் இரண்டு தடவை, "என்ன ஆச்சு, சொல்லேன்" என்று கேட்டார்.

சிப்பாய்க்கு ஏழு வயது முடிந்தபோது அண்ணி போனில் ஏதோ பேசிக்கொண்டே, "இப்பல்லாம் காலைல வாக்கிங் போறதில்ல" என்றாள்.

"யார், அண்ணனா?"

"ரெண்டு பேரும்தான்."

பிடியம்மா அன்று மாலையே போனாள். சிப்பாய் பின்கட்டில் கட்டிக்கிடந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்து வாலாட்டியது. எழுந்த விதமே சரியில்லை. விலாவின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி கொட்டி, கருத்த தோல் தெரிந்தது. அவள் மண்டியிட்டு அதை மெல்ல மல்லாத்தினாள். குட்டி போட்ட பெண் நாய்க்கு இருப்பதுபோல காம்புகள் தடித்து நின்றன. கீழே இறங்கியிருந்த அந்த ஒற்றை விதை பட்டாணி அளவுக்குச் சுருங்கிவிட்டிருந்தது. தோலுறை தொளதொளவென்று தொங்கியது. உள்ளே இருந்தது இப்போது வேலையைக் காட்டிவிட்டது என்று அவளுக்கு விளங்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அண்ணி தாழ்ந்த குரலில் சொன்னாள். "தெருவுல இருக்கற ஆம்பள நாயெல்லாம் இவன் பின்னாலயே வருது. மேல ஏறப் பாக்குது. இவனும் ஒண்ணுக்குப் போகக் காலைத் தூக்கறதில்ல, குந்திக்கிறான். எதிர் வீட்டுக்காரர், 'என்ன சார், சிப்பாயைச் சிப்பாயம்மா ஆக்கிட்டீங்களா'ன்னு கேட்டுட்டார். அன்னிக்கே வாக்கிங் நின்னுபோச்சு."

மறுபடியும் ஒரு சிரிப்பு. பிடியம்மா எழுந்து கூடத்துக்குப் போனாள்.

அண்ணனிடம் சொன்னாள். கெஞ்சினாள். "உள்ள இருக்கிற விதை கட்டியாகி, பொம்பள நாய்க்குச் சுரக்கறது இவனுக்குச் சுரக்குது. அதனாலதான் இதெல்லாம். அப்படியே விட்டா ரத்தம் கெட்டுப்போகும்."

"அவனுக்கு வயசாகுது, முடி கொட்டுது. எனக்கும்தான் கொட்டுது, என்னையும் டேபிள்ல ஏத்துவியா?"

"காம்பு தடிக்குதா உங்களுக்கு?"

அந்தக் கேள்வியை அவள் கேட்டிருக்கக் கூடாது. அதுவும் அன்று கூடத்தில் அண்ணனுடைய சம்பந்தி, மகனுக்குப் பெண் கொடுத்த வீட்டுப் பெரியவர், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்திருந்தார். அவருக்குப் புரையேறிவிட்டது. அண்ணன் எழுந்து நின்றார்.

"உனக்கு வெக்கமே கிடையாதா? இருபத்தி நாலு மணி நேரமும் அதே பேச்சு. யார் இருக்காங்க, என்னன்னு ஒரு விவஸ்தை வேணாம்? நாய்க்கு அடியில கை விடறது உனக்குப் பிழைப்பு. எங்களுக்கு இல்ல."

பிடியம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தாள். யாராவது பார்த்தால் பைத்தியம் என்றிருப்பார்கள். பிழைப்பாம். ஆமாம், பிழைப்புத்தான். அந்தக் கை போய்த் தொட்டதால் எத்தனை நாய் பிழைத்திருக்கிறது என்று இவருக்கு யார் சொல்வது? தான் அன்று சிரிக்காமல் இருந்திருந்தால், டாக்டரம்மா சொன்னதை இவர் கேட்டிருப்பாரோ? இந்த இடத்தில் வந்து அவள் பேச்சு ஒவ்வொரு தடவையும் நின்றுவிடும்.

அதற்கப்புறம் ஒரு வருடத்துக்கும் மேலாக அந்த வீட்டுப் படி ஏறவில்லை. அண்ணி மட்டும் எப்போதாவது போன் செய்வாள். நாயைப் பற்றி இவள் கேட்பாள். "அப்படியேதான் இருக்கு" என்பாள் அண்ணி. அப்படியே இருக்காது என்று இருவருக்குமே தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினோரு மணி சுமாருக்கு, அண்ணியின் போன் வந்தது. மூச்சு வாங்கப் பேசினாள்.

"காலைலேர்ந்து உக்காந்து உக்காந்து எழுந்திரிக்கறான். ஒரு சொட்டுகூட வரல. முனகறான். இவர், வெயில் ஜாஸ்தி, தண்ணி கொடுன்னு சொல்லிட்டு உக்காந்திருக்கார்."

"நேத்து போச்சா?"

"நேத்து ரெண்டு சொட்டு. அதுலயும் ரத்தம் மாதிரி..."

பிடியம்மா டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுவிட்டு, வீட்டுக்காரரிடம் பக்கத்துச் சலவைக்கடை வேனை எடுத்துவரச் சொன்னாள். அவர் அளவெடுத்துக்கொண்டிருந்த ஆளை அப்படியே நிற்கவைத்துவிட்டு ஓடினார்.

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சிப்பாய் அவர் காலடியில் முதுகைக் கூனிக்கொண்டு நின்றது. படுக்கவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. பிடியம்மா குனிந்து அதன் அடிவயிற்றில் கை வைத்தாள். கல் மாதிரி இருந்தது. ஈறைத் தூக்கிப் பார்த்தாள், வெளுத்திருந்தது. தன் பிடியில் நாயை அணைத்துத் தூக்கினாள்.

"எங்க தூக்கிட்டுப் போறே?" என்றார் அண்ணன்.

"நீங்க வரலைன்னாலும் சரி, வந்தாலும் சரி. குறுக்க மட்டும் நிக்காதீங்க."

அவர் வந்தார். வேனில் வெளுத்த துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். வழி நெடுகக் கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டே வந்தார்.

விடுமுறை நாளானதால் மருத்துவமனையில் கூட்டம் இல்லை. டாக்டரம்மா வீட்டு உடுப்போடு வந்திருந்தார். மெல்லிய குழாயைச் செலுத்தியதும் கலங்கிய சிவப்பாக மூத்திரம் வந்தது, வந்துகொண்டே இருந்தது. தட்டு நிரம்பி இன்னொரு தட்டு வைத்தார்கள். சிப்பாய் பிடியம்மாவின் தோளில் தலையைப் போட்டுப் பெருமூச்சு விட்டது. டாக்டரம்மா வயிற்றை அழுத்திப் பார்த்து, ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்து, "உள்ள இருக்கிற விதை ஆரஞ்சுப்பழம் அளவுக்கு இருக்கு. அதோட சுரப்பால புராஸ்டேட்டும் வீங்கி மூத்திரக் குழாயை நெரிக்குது" என்றார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார்.

"இந்த முடி கொட்டறது, காம்பு தடிக்கறது எல்லாம் எப்போலேர்ந்து இருக்கு?"

"ஒரு வாரமா... பத்து நாளா இருக்கும்" என்றார் அண்ணன்.

பிடியம்மாவுக்குத் தலைக்கு ஏறியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதென்றால் இதுதான். வைத்தியம் பார்க்கிறவரிடமே பொய்.

"ஒண்ணரை வருஷமா டாக்டரம்மா. நான் என் கண்ணால பார்த்து ஒரு வருஷம் தாண்டிடுச்சு. அதுக்கு முன்னாலயே ஆரம்பிச்சிருக்கும்."

அண்ணன் அவளைப் பார்த்தார். அடிக்க வருவதுபோலவும் இருந்தது, அழுதுவிடுவார்போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"சொன்னது நல்லதாப் போச்சு. பத்து நாள்னா நான் நாளைக்கே அறுத்திருப்பேன். ஒண்ணரை வருஷம்னா முதல்ல ரத்தம் பார்க்கணும்" என்றார் டாக்டரம்மா.

ரத்தத்தில் எல்லா அணுக்களுமே குறைந்திருந்தன. ஆனால் அடிமட்டத்துக்குப் போகவில்லை. மூன்று நாள் குழாயோடும் சொட்டு மருந்தோடும் வைத்திருந்து, நாலாம் நாள் காலையில் ஆபரேஷன். மயக்கம் கொடுக்கும்வரைதான் பிடியம்மாவுக்கு வேலை. அப்புறம் பிடிக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் முன்னங்காலைப் பிடித்துக்கொண்டே நின்றாள். டாக்டரம்மா உள்ளே இருந்ததை எடுத்துத் தட்டில் வைத்தார். வழவழவென்று, கனமாக, நாயின் உடம்பில் இருக்க வேண்டிய எந்த அளவுக்கும் பொருந்தாமல் இருந்தது. ஒரு வயதில் எடுத்திருந்தால் சுண்டைக்காய் அளவுகூட இருந்திருக்காது. அந்த ஆத்திரத்தில் அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது. டாக்டரம்மா பார்க்காததுபோல இருந்துவிட்டார்.

அண்ணன் அன்று காலையிலிருந்து மாலைவரை வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தங்கையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மருந்துச் சீட்டு எழுதுகிற பெண்ணிடம், "பிழைச்சுக்குமா?" என்று கேட்டாராம்.

பிழைத்துக்கொண்டது. பத்தாம் நாள் தையல் பிரிக்க அண்ணி கொண்டுவந்தாள். ஆறாவது வாரத்தில் காம்புகள் சுருங்க ஆரம்பித்தன. விலாவில் பஞ்சுபோல முடி முளைத்தது. அதற்குள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சேதி போயிருந்தது, ஆனால் வேறு சேதி. ஒருநாள் சித்தி போன் செய்தாள்.

"உங்க அண்ணன் நாய்க்குக் கிட்னி ஆபரேஷனாமே? கிட்னிக்கு உப்பு ஆகாதுன்னு சொல்லு."

"கிட்னி இல்ல சித்தி. விதை."

"என்னது?"

"விதை. ஆம்பள நாய்க்கு இருக்குமே, அது."

போன் வைக்கப்பட்டது. அந்த மாதத்தில் அவள் இப்படி ஆறு பேருக்குச் சொன்னாள். ஆறு பேரில் இரண்டு பேர் முழுசாகக் கேட்டார்கள். மற்றவர்கள் உப்பைப் பற்றியே பேசினார்கள். "நீ ஏன் விடாம மல்லுக்கட்டறே? கிட்னின்னா கிட்னின்னு விட்டுடேன்" என்றார் வீட்டுக்காரர்.

"நாளைக்கு அவங்க வீட்டுல ஒரு நாய்க்கு இதே வந்தா? உப்பைக் குறைச்சுட்டு உக்காந்திருப்பாங்க."

அவர் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். பிறகு தானாகவே, "என் கடைக்கு வர்றவங்க கிட்ட நான் சொல்லவா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, எப்படிச் சொல்வது என்று அவருக்கே தெரியாமல் நூல்கண்டை உருட்டினார்.

மூன்றாவது மாதம் கடைசிப் பரிசோதனைக்கு அண்ணனே வந்தார். சிப்பாய் நடந்து வந்தது. பிடியம்மா மேஜைமேல் ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். அண்ணனுடைய முகம் அவளிடமிருந்து ஒரு முழத் தூரத்தில் இருந்தது. ஏழெட்டு வருடத்துக்குச் சேர்த்து ஒரு வார்த்தை வருமென்று அவள் காத்திருந்தாள். 'நீ சொன்னப்பவே கேட்டிருக்கலாம்' என்று வேண்டாம். 'சரி' என்று ஒரு சொல் போதும். தானும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது, அன்று சிரித்ததைப் பற்றி, இன்னொரு தடவை, ஒழுங்காக. டாக்டரம்மா ரத்தத் தாளைப் பார்த்து, "எல்லாம் ஏறிடுச்சு. இனிமே பயமில்ல" என்றார். அண்ணன் டாக்டரம்மாவுக்குக் கையெடுத்துக் கும்பிட்டார்.

சிப்பாயை எடை மேடையில் நிறுத்தினாள்.

"எவ்வளவு இருக்கான்?" என்றார் அண்ணன். அவளைப் பார்க்கவில்லை, மேடையைப் பார்த்தார்.

"இருபத்தி ரெண்டு."

"ஆபரேஷன் அன்னிக்கு?"

"பத்தொன்பது."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, தேதி, மணி எல்லாம் போட்டு எழுதிக்கொண்டார். அவள் எட்டிப் பார்த்தாள். பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். இத்தனை மணிக்கு மூத்திரம், இவ்வளவு நேரம், நிறம், நக்கினானா இல்லையா, நுனியில் சொட்டு உண்டா, அது மஞ்சளா சிவப்பா. ஒருநாள்கூட விட்டுப்போகவில்லை. அந்த நோட்டை ஏழெட்டு வருடத்துக்கு முன்னால் எடுத்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"அடுத்த தடவை எப்ப வரணும்?" என்று கேட்டார்.

"ஆறு மாசம் கழிச்சு."

"எத்தனை மணிக்கு?"

"பத்து மணிக்கு வாங்க."

அதையும் எழுதிக்கொண்டு அவர் சிப்பாயோடு படியிறங்கிப் போனார். அவள் மேஜையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மூன்று தடவை துடைத்தாள். வெளியே ஒரு பெரிய நாய் உள்ளே வரமாட்டேன் என்று தரையில் நகத்தை ஊன்றிக்கொண்டு நின்றது. அதன் சொந்தக்காரர் கதவருகில் தயங்கித் தயங்கி, "அவனுக்கு அந்த இடத்துல ஒரு மாதிரி இருக்குங்க" என்றார்.

"எந்த இடத்துல?" என்று கேட்டாள் பிடியம்மா. கேட்ட வேகத்தில் அவளுக்கே தன் குரல் கடுமையாகப் பட்டது. அவர் சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு நாயைத் தூக்கப் போனாள்.